தாழிட்ட அறை: பத்தி இலக்கியத்தில் தடுத்து நின்றோர்

பத்தி இலக்கியத்தில் இறைபணிக்கு இடையூறு செய்தோர் யாவர் என்று வினவின், புறச்சமயத்தார் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். மூவர் பதிகங்கள் அவ்வாறே பேசுகின்றன. பெரியபுராணமும் பேரளவில் அவ்வாறே பேசுகின்றது. ஆயின் பெரியபுராணத்துள்ளும் அதன் வழிவந்த நூல்களுள்ளும் பிறிதொரு வகையினர் உளர். அவர்கள் இறைவனை மறுப்பவர் அல்லர். அவனுக்கு மிக அணித்தே நிற்பவர். கோயிலின் திறவுகோல் அவர்கள் கையில் இருக்கும். நாள்தோறும் அவனை நீராட்டி அமுது படைப்பவரும் அவர்களே. அத்தகையோர் அவன் திருவுள்ளம் கொண்டதொரு செயலை நிகழவொட்டாது வாயிலில் நிற்கும் காட்சிகள் சில நம் இலக்கியத்தில் உள்ளன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கி, அவர்கள் எதனைக் காக்க நின்றனர், அதனைப் புலவர்கள் எவ்வாறு கண்டனர் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. சமய நூல்களைச் சமயச் சார்பின்றிக் கற்றல் எளிதன்று. ஆயினும் இலக்கிய மாணவர்க்கு வேறு வழியில்லை.

முதற்கண் எடுத்துக்கொள்ளத் தக்கது திருமுறை கண்ட புராணம். அளவிற் சிறிய நூல். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக மரபு கூறும். கதை யாவரும் அறிந்ததே. ஆங்காங்கே ஓரொரு பதிகம் ஓதக் கேட்டு உருகிய அபயகுலசேகரன் என்னும் சோழ மன்னன், மூவர் பாடல்கள் முழுமையும் கிடைத்தில எனக் கவல்கின்றான். திருநாரையூரில் பொல்லாப் பிள்ளையாரை அமுதுண்பித்த சிறுவர் நம்பியாண்டார் நம்பியின் புகழ் அவன் செவிக்கு எட்டுகின்றது. நம்பி பிள்ளையாரிடம் வினவ, ஏடுகள் தில்லையில், கூத்தப்பெருமான் ஆடும் அம்பலத்தின் புறத்தே, மூவர் கையடையாளம் இட்ட காப்போடு கூடிய அறையில் உள்ளன என்னும் விடை வருகின்றது. அரசனும் நம்பியும் தில்லை சேர்கின்றனர். அங்கே தில்லைவாழ் அந்தணர்கள் கூறும் மறுமொழியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. இந்த அறையைப் பூட்டியவர் மூவர்; அம்மூவரும் வந்தாலன்றி இதனைத் திறத்தல் கூடாது என்பது அவர்கள் கூற்றின் சாரம்.

இம்மறுப்பின் வடிவத்தை நோக்குக. தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பாடல்கள் பயனற்றவை என்றோ, அரசனுக்கு உரிமையில்லை என்றோ சொல்லவில்லை. மூவர்பால் தமக்குள்ள மதிப்பையே காரணமாகக் காட்டுகின்றனர். அவர்கள் இட்ட காப்பை அவர்களன்றிப் பிறர் நீக்குதல் பிழை என்பது கேட்போர்க்குப் பணிவாகவே தோன்றும். ஆயின் மூவரும் இறைவனோடு கலந்து நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. இனி அவர்கள் வரப்போவதில்லை என்பதைக் கூறுவோரும் அறிவர், கேட்போரும் அறிவர். ஆதலின் இது நிபந்தனையின் உருவில் வந்த மறுப்பாகும். நிறைவேற்ற இயலாத ஒன்றைக் கேட்பவன் மறுத்தான் என்னும் பழியினின்று தப்புகின்றான். தன் இருக்கையையும் இழப்பதில்லை. கேட்பதனால் அவனுக்கு யாதொரு செலவும் இல்லை. இக்குறிப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

அரசன் வாதிடவில்லை, படைகொண்டு கதவை உடைக்கவும் இல்லை. மூவர் திருவுருவங்களுக்குப் பூசனை இயற்றி, உலாவாக எழுந்தருளுவித்து, அவ்வறையின் முன் கொணர்ந்து நிறுத்தி, மூவரும் வந்தனர் என்கின்றான். கதவு திறக்கின்றது. இதனுள் அடங்கிய தருக்கத்தை நூல் விரித்துரைக்கவில்லை. கதை கூறுவோர் பிற்காலத்தில் விரித்துரைப்பர். திருவுருவம் மூவர் ஆகாது என அந்தணர்கள் சொல்வராயின், தாம் நாள்தோறும் வழிபடும் திருவுருவம் யாது என்னும் வினா உடனே எழும். திருவுருவத்தில் இறைவன் உளன் என்பதன்மேல் நிற்பது அவர்கள் நிலை முழுவதும். அந்நிலையைக் கொண்டே அவர்களுடைய மறுப்பு வெல்லப்படுகின்றது. புறத்தேயிருந்து கொணர்ந்த நியாயம் ஒன்றும் இங்கே தேவைப்படவில்லை.

அறையினுள் கண்டது யாது? ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து மண்ணை நீக்கி எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்து அழிந்துபோயிருந்தது. நூல் கூறும் கணக்கின்படி முதலில் இருந்தவை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்கள். இன்று நம் கையில் இருப்பவை 800-க்குச் சிறிது குறைவு. அம்முதற்கணக்கை வரலாற்று எண்ணாகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் புலவன் இழப்பின் அளவை எத்துணைப் பெரிதாகக் காட்டக் கருதினான் என்பது அதனால் விளங்கும். காத்தவர் காத்தது காப்பையே, ஏட்டை அன்று. மன்னன் வருந்தி நிற்க, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றைச் செல்லுக்கு இரையாக்கினோம் என்று வானொலி எழுகின்றது. இவ்வானொலி எவர்க்கு ஆறுதல்? மன்னனுக்கு என்பது வெளிப்படை. அந்தணர்கள்மேல் வீழக்கூடிய பழியையும் இது மெல்ல எடுத்துவிடுகின்றது என்பதே எம் கருத்து. கறையானும் இறைவன் ஏவல் ஆயின், கதவைத் திறவாதிருந்தோர்மேல் குறை கூறுவார் யார்?

இக்கதை அவ்வாறே நிகழ்ந்ததெனக் கொள்ளுதற்குக் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டே திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கியமை அக்கோயிற் கல்வெட்டால் அறியப்படும். ஐம்பதின்மரை அமர்த்துதற்கு, பாட வல்லார் முன்னரே இருந்திருத்தல் வேண்டும். எனவே பதிகங்கள் ஓரறையில் முற்றும் மறைந்துகிடந்தன என்பது பொருந்தாது. அபயகுலசேகரன் யாவன் என்பதிலும் ஆராய்ச்சியாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. ஆயின் இவற்றால் கதையின் பயன் குறைவதில்லை, வினாவே மாறுகின்றது. நாடெங்கும் பாடப்பட்டவை ஓரிடத்தில் பூட்டப்பட்டிருந்தன என்று பின்வந்தோர் ஏன் கூறினர்? தொகுப்புக்கு ஓர் இசைவு வேண்டியிருந்தது. அவ்விசைவைத் தரவல்ல இடமாகத் தில்லை கருதப்பட்டது. அவ்விசைவு எளிதிற் கிடைக்கவில்லை என்னும் நினைவு மக்களிடையே இருந்தது. கதை இம்மூன்றையும் ஒருங்கே உரைக்கின்றது. நடந்தது என்ன என்பதைக் காட்டிலும், நடக்கக்கூடியது என மக்கள் எதனை நம்பினர் என்பதற்கு இஃது உறுதியான சான்றாகும்.

இப்புராணத்தின் பிற்பகுதியைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடத்தல் தகாது. ஏடுகள் கிடைத்தபின் பண்கள் கிடைத்தில. எழுத்து இருக்கின்றது, இசை இல்லை. மீண்டும் இறையருளை வேண்ட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த பெண் ஒருத்தியிடம் செல்லுமாறு விடை வருகின்றது. திருஎருக்கத்தம்புலியூரில் அவளைக் கண்டு, தில்லைக்கு அழைத்துவந்து, அவள் வாயிலாகப் பண்முறை வகுக்கப்பெறுகின்றது. பாணர் குலம் அந்நாளில் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உயர்ந்தோர் கையில் இருந்த ஏட்டுக்கு அறையும் தாழும் கையடையாளமும் இருந்தன. அவள் மிடற்றில் இருந்த பண்ணுக்கு ஒரு தாழும் இல்லை. அவளிடம் எவரும் நிபந்தனை கேட்கவில்லை. அவளும் ஒன்றும் விதிக்கவில்லை. ஏடு அரித்துப் போயிற்று. பண் அரித்துப் போகவில்லை. புலவன் இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வைத்துவிட்டு வாளா இருக்கின்றான். நூலின் சிறப்பு இங்கேதான் உளது என்று கருதுகின்றேன்.

இனி ஆசிரியரைப் பற்றிச் சிறிது. உமாபதி சிவாசாரியார் தில்லைவாழ் அந்தணருள் ஒருவர். சைவ சித்தாந்த சந்தான ஆசாரியர் நால்வருள் இறுதியானவர். அவருடைய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல், செய்யப்பட்டமை அந்நூலாலேயே பெறப்படும். மரபு கூறும் அவர் வரலாறு வருமாறு: கோயிற் பூசனை முடித்துப் பட்டப்பகலில் தீவட்டியோடு சிவிகையில் வரும்போது, திண்ணையில் இருந்த மறைஞானசம்பந்தர் அக்கோலத்தை எள்ளி ஒரு சொற் சொன்னார். அச்சொல் உள்ளத்தில் தைக்க, சிவிகையினின்று இறங்கி அவரைப் பின்தொடர்ந்தார். நெசவுத் தொழிலாளர் வார்த்த கூழைக் குரு கையேந்திப் பருக, அவர் கைவழி ஒழுகியதை இவர் உண்டார். அதன்பின் தில்லை அந்தணர்கள் அவரை விலக்கினர். அவர் ஊரின் கீழ்பாலுள்ள கொற்றவன்குடியில் வதிந்தார். திருவிழாக் கொடியேற்றும் முறை அவருடையதாக வந்த ஆண்டில் அதனைப் பிறர்க்கு அளித்தனர். கொடி ஏறவில்லை. அவரை அழைத்துப் பாடச் செய்தபின் ஏறிற்று. அப்போது பாடியது கொடிக்கவி என்பர். நான்கே பாடல்கள் கொண்ட அந்நூலில் வெற்றிக்களிப்பின் சாயலே இல்லை; விலக்கியவரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. நூலின் பொருள் முற்றும் உயிர், ஆணவ இருள், திருவருள் என்பவை பற்றியதே.

திருமுறை கண்ட புராணத்தை உமாபதியாரே செய்தாரா என்பதில் ஐயங்கொள்வோர் உளர். அவ்வையம் நியாயமானதே. எனினும் மரபு இந்நூலை வேறொருவர்மேல் ஏற்றாது அவர்மேல் ஏற்றியதே ஒரு திறனாய்வு எனலாம். தில்லையின் கதவு திறவாத கதையைச் சொல்லத் தகுந்தவர், அக்கதவின் உள்ளே பிறந்து வெளியே நிறுத்தப்பட்டவரே என அது கருதியது போலும். சொல்லியவரும் சினமின்றிச் சொல்கின்றார். இன்ன காரணத்தால் மறுத்தனர் என்று எங்கும் எழுதவில்லை. மறுமொழியை மட்டும் தருகின்றார். காரணத்தை உய்த்துணர்தல் கற்போர் கடனாகின்றது.

(தில்லைத் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுதல் பற்றி நம் காலத்தில் எழுந்த பூசலும், அரசாணையின் துணையோடு 2008-ஆம் ஆண்டில் அங்கே பாடப்பட்டமையும் கற்போர் நினைவுக்கு வரலாம். அவ்வழக்கில் இரு சாராரும் மரபையே சான்றாகக் காட்டினர். அதன் தீர்ப்பு இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. பழங்கதை ஒன்று எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தன் பொருளை இழக்கவில்லை என்பதற்காகவே இதனை ஈண்டுக் குறித்தோம்.)

உமாபதியார் எழுதாது விட்ட காரணத்தைச் சேக்கிழார் பிறிதோரிடத்தில் வெளிப்படையாக எழுதியுள்ளார். திருநாவுக்கரசர் புராணத்தில், சூலை நோயுற்ற தருமசேனர் திருவதிகை சென்று தமக்கையார் திலகவதியாரைச் சார்ந்து நோய் நீங்கிச் சைவராகின்றார். இச்செய்தி பாடலிபுரத்துச் சமண முதியோர்க்கு எட்டுகின்றது. அவர்கள் கூடி எண்ணியது யாது? தாம் தீர்க்கமாட்டாத நோய் தீர்ந்தது என்னும் உண்மையை அரசன் அறியின், அவனும் சைவனாகித் தம் விருத்தியைத் தடுப்பான் என்பதே. ஆதலின், நோய் வந்ததாக அவர் பொய்யே நடித்தார் என்று அரசனிடம் கூறத் துணிகின்றனர். விருத்தி என்பது பிழைப்பு, மானியம். சேக்கிழார் இச்சொல்லை ஆராய்ந்தே இட்டிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது பொய் என அவர்கள் நம்பியிருந்தால் அது வேறு. மெய் என்று அறிந்ததனாலேயே அஞ்சுகின்றனர்; அஞ்சியதனாலேயே மறைக்கின்றனர். இறைவன் செயலை எதிர்ப்போர் உள்ளத்தை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய இடம் தமிழில் அரிது.

இது சமணர் வரலாறு அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சைவப் புலவர் ஒருவர் தீட்டிய சமணர் ஓவியம் என்பதை மறத்தலாகாது. சிந்தாமணியும் நன்னூலும் தந்த சமயத்தாரை இவ்வோவியத்தைக் கொண்டு அளத்தல் நன்றி கோறலாகும். எமக்கு இங்கு வேண்டுவது வேறொன்று. பிறர் வீட்டில் இருக்கும் விருத்தியச்சத்தைச் சேக்கிழாரால் பெயரிட்டுக் கூற முடிந்தது. தம் வீட்டில் அவர் அதனைக் கண்டாரா?

திருநாளைப்போவார் புராணத்தில் இதற்கு விடை தேடலாம். ஆதனூர்ப் புறம்பணையில் பிறந்தவர் தில்லை காண விழைகின்றார். நாளைப் போவேன் என்று நாள் கழிக்கின்றார். ஒருநாள் சென்று எல்லையில் நின்று, உட்புக அஞ்சித் திருவீதியை வலம் வருகின்றார். அவரைத் தடுப்பவர் ஒருவரும் புராணத்தில் இல்லை. தடையாக நிற்பது அவர் உள்ளத்தே பதிந்த பிறப்பின் இழிவு ஒன்றே. எவரும் கைநீட்டித் தடுக்க வேண்டாத அளவுக்கு அமைப்பு உறுதியாக இருந்தது என்பதையே இம்மௌனம் காட்டுகின்றது. இறைவன் அவர் கனவிலும் அந்தணர் கனவிலும் தனித்தனியே தோன்றுகின்றான். கனவு கண்ட அந்தணர்கள் திருவாயிலின் முன் அச்சத்தோடு கூடினர் என்கின்றார் சேக்கிழார். அவ்வச்சம் யாது? இறைவன் நேரிற் பணித்தமையால் எழுந்த நடுக்கம் என உரைகூறுதல் இயல்பு. அதனை மறுக்கவில்லை. ஆயின் அச்சம் என்பது இரு முகம் உடைய சொல். காலங்காலமாகக் காத்துவந்த எல்லையை, அதனை வகுத்தவன் எனத் தாம் நம்பியவனே கடக்கச் சொல்லும்போது எழும் அச்சமும் அச்சமே. அவர்கள் பணிந்தனர்; தீ வளர்த்தனர். தீயில் மூழ்கி முனிவர் வடிவோடு எழுந்தபின்னரே அவர் உள்ளே செல்கின்றார். எல்லை தளரவில்லை, ஒருவர் மட்டும் உருமாறி உட்சென்றார். நூல் அரங்கேறியது தில்லையில் என்பதையும், ஆசிரியர் சோழர் அமைச்சர் என்பதையும் எண்ணுவோர் சேக்கிழார் அடக்கி வாசித்தார் என்பர். அங்ஙனமும் இருக்கலாம். ஆயின் அவர் இப்பொருளில் குருடர் அல்லர் என்பதற்குக் கண்ணப்பர் புராணமே சான்று.

அங்கே சிவகோசரியார் என்னும் ஆகம அந்தணர் காளத்தி மலையில் நாள்தோறும் பூசனை இயற்றுபவர். ஒருநாள் திருமேனியின்மேல் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் காண்கின்றார். தம் முறை குலைக்கப்பட்டது. தம் இடத்தில் வேறொருவன் புகுந்துவிட்டான். இதனினும் பெரிய இழப்பு ஒரு பூசகர்க்கு வேறில்லை. அவர் செய்தது யாது? பதறினார், புலம்பினார், இடத்தைத் தூய்மை செய்து மீண்டும் வழிபட்டார். மறுநாளும் அவ்வாறே காண, ஆற்றாது இறைவனிடமே முறையிட்டார். காவலர் வைக்கவில்லை, வேடனைப் பிடிக்க ஆள் திரட்டவில்லை. கனவில் இறைவன் அவன் செயலெல்லாம் நமக்கு இனியவை, நாளை மறைந்திருந்து காண் என்று கூற, அவ்வாறே மறைந்திருந்து கண்டார். அவரும் தடுக்கக்கூடிய நிலையில் இருந்தவரே. ஆயினும் தடுத்தவர் ஆகவில்லை. தம் இருக்கை போயிற்றே என்று அவர் வருந்தவில்லை. பெருமானுக்குத் தீங்கு நேர்ந்ததே என்று வருந்தினார். ஆதலினால் அவர்க்குக் காட்சி கிட்டியது. இப்பாத்திரத்தைச் சேக்கிழார் எள்ளாது படைத்திருப்பதைக் கூர்ந்து கற்றல் வேண்டும். கண்ணப்பரை உயர்த்துதற்காகப் பூசகரைத் தாழ்த்துதல் எளிய வழி. பிற்காலக் கதைகளும் நாடகங்களும் அவ்வழியே சென்றன.

இறைவன் செயலை நேர்நின்று எதிர்த்தவரையும் நாயன்மாராகப் போற்றுகின்ற இடங்கள் பெரியபுராணத்தில் இரண்டு உண்டு. திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்திலிருந்த அடியாரை வணங்காது சென்ற சுந்தரரை விறன்மிண்டர் புறகு என்றார்; அவரை ஆட்கொண்ட சிவனையும் புறகு என்றார். இறைவனையே தள்ளிவைத்த துணிவு இது. அதன் பயனாகத் திருத்தொண்டத்தொகை பிறந்தது. ஏயர்கோன் கலிக்காமரோ, பரவையாரிடம் இறைவனைத் தூது போக்கிய செயலைப் பொறாது சுந்தரர்மேல் அழியாச் சினங்கொண்டார். இறைவனே சூலை தந்து, சுந்தரரால் மட்டுமே அது தீரும் என்றான். அவனால் தீர்வதினும் தீராதொழிதல் நன்று என்று, சுந்தரர் வருமுன் உடைவாளால் வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். இறைவன் விரும்பிய நட்பை மறுத்தவர் இவர். எனினும் அருளால் உயிர் மீண்டு, தாமும் உயிர்விடத் துணிந்த சுந்தரரின் கைவாளைப் பற்றிக்கொள்கின்றார், இருவரும் நண்பராகின்றனர்.

தில்லை அந்தணர் மறுப்புக்கும் இவ்விருவர் மறுப்புக்கும் வேறுபாடு எங்கே உளது? கடுமையில் அன்று, கடுமையில் இவர்களே மிக்கவர். மறுப்பினால் மறுப்பவன் இழப்பது யாது என்பதில் உளது. விறன்மிண்டர் தாம் வாழ்ந்ததும் வணங்கியதுமாகிய ஊரின் தலைவனையே புறகு என்று, ஒதுங்க ஓரிடமும் இன்றி நின்றார். கலிக்காமர் உயிரையே ஈந்தார். மூவரும் வருக என்றவர்க்கோ இழப்பு ஒன்றும் இல்லை. இழப்பு முழுதும் ஏட்டுக்கே நேர்ந்தது. பாடலிபுரத்தாரும் இழக்கவில்லை, சுண்ணாம்பு நீற்றறையில் இடப்பட்டவர் வேறொருவர். வைணவ குருபரம்பரை கூறும் உலோகசாரங்க முனிவர் வரலாற்றில் இவ்வளவுகோல் அழகாக மாறுகின்றது. வழியினின்று விலகாத பாணர்மேல் கல்லெறிந்தவர் அவர். அக்காயம் அரங்கன் நெற்றியில் தோன்ற, அரங்கன் ஆணையால் அப்பாணரையே தோள்மேல் சுமந்து திருமுன் சேர்க்கின்றார். கல்லெறிந்தவர்க்கு நேர்ந்தது தண்டனையன்று, சுமை. தடுத்தவரே ஊர்தியாகின்றார்.

இவ்வளவுகோலை அண்மைக்காலத்துக்கும் பொருத்திக் காணலாம். இராமலிங்க அடிகள் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தபோது ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நாவலரைப் பதவி காக்க எதிர்த்தவர் என்று எழுதுவோர் உளர். இது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவர் மடத்துத் தலைவரல்லர். கோயில் மானியம் உண்டவரல்லர். இல்லறம் துறந்து, பொருளையெல்லாம் பள்ளிக்கும் அச்சகத்துக்கும் ஈந்தவர். திருமுறையோடு பிறிதொன்றை ஒப்ப வைத்தல் தகாது என்பது அவர் கொள்கை. கொள்கையில் அவர் பிழைபட்டார் என்பார் என்னை உடன்படுத்துதல் எளிது. அவர் விறன்மிண்டர் மரபினர் அல்லர் என்பார் உடன்படுத்துதல் அரிது.

திருநாளைப்போவார் கதையில் சேக்கிழார் வெற்றிடமாக விட்ட தடுப்போன் இருக்கையில் ஓர் உருவத்தை அமர்த்தியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், நந்தனாரின் ஆண்டையாக ஒரு வேதியர் வருகின்றார். பெரியபுராணத்தில் அவர் இல்லை. தில்லைக்கு விடை கேட்கும் அடிமையை முதலிற் சினந்து மறுக்கின்றார். பின்னர், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை ஓரிரவில் முடித்துவிட்டுப் போ என்கின்றார். மீண்டும் அதே வடிவம்! இயலாத நிபந்தனை, இட்டவனுக்குச் செலவில்லாத நிபந்தனை. இங்கே சமயமும் நிலமும் ஒன்றாகக் கலந்திருப்பதைப் பாரதியார் மறைக்கவில்லை. உனக்குச் சிதம்பரம் ஏன் என்று வேதியர் கேட்கும்போது பேசுவது குலத்தின் தூய்மையா, வயலில் கூலியாள் குறைவதா என்று பிரித்தறிய இயலாது. வேதியர்க்கே அது பிரித்தறிய இயலாததாக இருந்தது என்பதே அப்பாத்திரத்தின் உயிர். பூதகணங்கள் ஓரிரவில் வயலை முடித்துவைக்க, வேதியர் அடிமையின் காலில் வீழ்கின்றார்.

வரலாற்றுக்கு மாறாகக் கதையை வளர்த்தார் என்று பாரதியாரைப் புலவர்கள் குறைகூறினர். சேக்கிழார் கூறாததைக் கூறினார் என்பது உண்மையே. ஆயின் சேக்கிழார் பாடலிபுரத்தில் கண்டு எழுதிய விருத்தியைப் பாரதியார் ஆதனூரில் கண்டு எழுதினார் என்று கொள்ளின், இது திரிபாகாது, நிறைவு செய்ததேயாகும்.

அக்குறைகூறியோருள் ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இச்செய்தியை அவர் மாணவர் உ.வே. சாமிநாதையரே எழுதிவைத்துள்ளார். சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் மாயூரத்தில் பிள்ளையவர்கள் இல்லத்துக்குப் பன்முறை வந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் உள்ளன. கதையும் பெரியபுராணத்தோடு மாறுபடுகின்றது. அக்காலத் தமிழ்ப் புலமையின் தலைவாயிலில் இருந்தவர் பிள்ளையவர்கள். அவர் பாயிரம் தந்தால் நூலுக்கு ஏற்பு, தராவிடில் இல்லை. மறுத்து ஒரு சொல்லும் சொல்லாமல் நாள் கடத்தினார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இருக்க, காத்திருந்த பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் செவிமடுத்தார், உருகினார், வெளியே வந்தார். பிழைகள் ஏட்டில் இருந்தபடியே இருந்தன. அன்றே பாயிரம் எழுதிக் கொடுத்தார்.